ஒரு ஆள் நிற்க இடம்

மொட்டை மாடியில் நானே கட்டிய பசுமைக்குடிலுக்குள் நானே மாட்டிக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல் கத்திரிக்கன்றுகளோடு நின்ற கதையை அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். அவர்கள் சொன்னால் நான் அழுததாகவும் சேர்த்துச் சொல்வார்கள். அழவில்லை. கூப்பிட்டேன், அவ்வளவுதான். கொஞ்சம் சத்தமாக.

எங்கள் மாடி சின்னது. சின்ன இடத்தில் நிறையச் செடி வைப்பது எப்படி என்று நான் படிக்காத புத்தகம் இல்லை, பார்க்காத வீடியோ இல்லை. பச்சை வலை வாங்கி, இரும்புக் குழாய் நட்டு, படிப்படியாக அடுக்குகள் செய்யச் சொல்லி, ஓர் அங்குலம்கூட வீணாகாமல் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தேன். வாசல் பக்கத்து அடுக்குகள்தான் பார்வைக்கு அழகு என்பதால் அங்கிருந்து தொடங்கினேன். கடைசி அடுக்கு, இருப்பதிலேயே பெரியது, ஈரமண் தொட்டிகளோடு கனத்து நின்றது. உள்ளே நின்றுகொண்டு அதை என் பக்கமாக இழுத்தேன். படத்தில் வரைந்த மாதிரியே, விரல்கூட நுழையாதபடி, மிச்சமிருந்த இடைவெளியில் போய்ப் பொருந்தியது. அந்தப் பொருத்தத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். நான் தவறான பக்கத்தில் நிற்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பின்னால் வலை, முன்னால் தொட்டிகள், வாசல் அந்தப் பக்கம். போனும் அந்தப் பக்கம். என் வெற்றியைப் படம் பிடிக்கட்டும் என்று கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அது ஒழுங்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மாடியில் வற்றல் காயவைக்க வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், செடியோட செடியா நிக்கிறீங்க?"

"சும்மாதாங்க. எங்க வீட்டுக்காரர் கீழ இருந்தா கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

கணவர் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அவர் பேசியிருந்தால் தேவலை. அவர் பேசாத அந்த நேரம் முழுக்க, ஈரமண்ணும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை என் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. இந்த வாசனைக்குள் நான் முன்பும் ஒருமுறை அடைபட்டிருக்கிறேன். அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. கூட இருந்தது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு கூடம், ஒரு அறை, ஓர் அடுப்படி, இவ்வளவுதான் வீடு. அத்தையைக் கொடைக்கானல் மலையில் பூத்தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே கண்ணாடியிலும் பாலிதீனிலும் கூரை போட்டு உள்ளே பூ வளர்ப்பார்களாம். அத்தையும் அந்த வேலையைப் பார்த்தாள். பிறகு ஒருநாள் அவர் வேறொரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அத்தை சண்டை போட்டாளா என்று எனக்குத் தெரியாது. பஸ் ஏறி வந்தாள் என்பது மட்டும் தெரியும். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு யோசனையும் கொண்டுவந்தாள்.

யோசனை இதுதான். கொடைக்கானலில் கட்டுகிற மாதிரி ஒரு பாலிதீன் வீடு கட்டி உள்ளே செடி வளர்ப்பது. புதுக்கோட்டை மாவட்டத்தில் செடிக்குச் சூடு போதவில்லை என்று கவலைப்பட்ட முதல் மனுஷி என் அத்தையாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏம்மா, இங்கிட்டு அவனவன் சூட்டைக் குறைக்க வழி தேடுறான். நீ கூட்டுறதுக்கு வழி பாக்குறியே?" என்றார் அப்பா.

"செடி குளுந்து கெடக்கும்ண்ணே, பாருங்க."

மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் குளியலறைக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அதை யாரும் அத்தைக்குக் கொடுத்ததாக நினைவில்லை. வேறு யாருக்கும் தேவைப்படாததால் அவளுடையது ஆயிற்று. உர மூட்டைக்கு உள்ளே ஒரு பாலிதீன் உறை இருக்குமே, ஊர் முழுக்க அதைக் கேட்டு வாங்கிக் கிழித்துக் கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்தாள். கூரையும் பாலிதீன், சுவரும் பாலிதீன். முதலில் போட்டது தண்டுக்கீரை. அது செடியிலேயே வெந்தது. பறித்து உப்புப் போட்டால் போதும் என்கிற நிலைமை.

அப்பா சிரித்தார், சித்தப்பா சிரித்தார், அம்மா அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள். அத்தையும் சிரித்துவிட்டு, கூரைப் பாலிதீனைக் கழற்றி எறிந்து தென்னங்கீற்று வேய்ந்தாள். அனல்காற்று வருகிற பக்கத்துக்கு மட்டும் பாலிதீனை விட்டுவைத்து, அதன் மேல் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு சித்திரை வெயிலில்கூட உள்ளே போனால் கிணற்றில் இறங்கிய மாதிரி இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் தேவலை. ஆனால் செடிகள் சாகவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொடைக்கானல் என்றே ஆகிவிட்டது. "கொடைக்கானல் போயி ரெண்டு பச்சமொளகா பறிச்சுட்டு வாடி" என்பாள் அம்மா. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அத்தைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

அந்த இடுக்குக்குள் அவள் எவ்வளவு அடைத்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உடைந்த கட்டில் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படி மாதிரி ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வெட்டிய எண்ணெய் டின்கள். படிகளுக்குக் கீழே இருட்டில் இஞ்சி, மஞ்சள். மேலே கீற்றிலிருந்து தென்னைநார்க் கயிற்றில் தொங்குகிற கொட்டாங்கச்சிகளில் மிளகாய் நாற்று. மூங்கில் கால்களைச் சுற்றி வெற்றிலைக் கொடி. வளர்ந்த செடிகள் மேற்கே. அவை மாலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும், குட்டிகள் அவற்றின் நிழலில் தப்பிக்கும். கதவு கிடையாது, சாக்குப் படுதாதான். கதவென்றால் அது திறந்து மூடவே நாலு டின் வைக்கிற இடம் போய்விடுமாம். இத்தனைக்கும் நடுவில், சரியாக ஒரு ஆள் நின்று திரும்புகிற அளவுக்குக் கொஞ்சம் வெறுந்தரை. எத்தனை புதுச் செடி வந்தாலும் அந்த இடத்தில் மட்டும் எதையும் வைக்கமாட்டாள்.

"அங்க ஒரு டின்னு வைக்கலாம்ல அத்தை?"

"வச்சா நான் எங்கத்தா நிக்கிறது?"

நான் உள்ளே போனால் அவள் வெளியே வர வேண்டும். அவள் உள்ளே இருந்தால் நான் படுதாவுக்கு வெளியே நின்று கதை பேச வேண்டும். இரண்டு பேருக்கு அங்கே இடம் கிடையாது.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். அப்பாவைப் பெற்ற அம்மா, சித்தப்பா தவழ்கிற வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், அவரை இடுப்பில் தூக்கிச் சோறூட்டி வளர்த்தது அத்தைதான். அவருக்குக் கல்யாணம் என்றதும் அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் துணி முடிச்சில் வைத்திருந்த மரிக்கொழுந்து விதையை எடுத்துத் தூவினாள். எங்கள் ஊர் வெயிலுக்கு அது சுலபத்தில் வராது. தினமும் நாலு வேளை சாக்கு நனைத்து அதை வரவழைத்தாள். தம்பி கழுத்து மாலையில் அவள் கையால் வளர்த்த மரிக்கொழுந்து இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மீதி இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவது எங்கள் பக்க வழக்கம். அத்தை தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்து வாழைநாரால் கட்டும்போது மூன்று முடிச்சுப் போடுவாள். முதலாவது தொளதொளவென்று இருக்கும், மற்ற இரண்டும் இறுக்கமாக. ஏன் அப்படி என்று கேட்டேன்.

"மொத முடிச்சு ஒங்க சித்தப்பன் போடுவான். அவனுக்குக் கை நடுங்கும். நெலைக்கிறதும் நெலைக்காததும் நான் போடுற ரெண்டுலதானத்தா இருக்கு? அதான் பழகிக்கிறேன்."

அவளுடைய கழுத்தில் போட்ட முடிச்சு யார் போட்டது என்று கேட்கிற அளவுக்கு எனக்கு அறிவு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பெண் அன்னவாசல் பக்கம். பெண்ணின் அப்பா தோட்டக்காரர். மாங்கன்று, கொய்யாக்கன்று எல்லாம் பதியம் போட்டு விற்பவர். சாதகம் பொருந்தி, பெண்ணையும் பார்த்தாகிவிட்டது. இனி அவர்கள் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி. பெண்ணுக்கு அங்கே ஓர் அறையாவது இருக்கிறதா, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முதல்நாள் தரகர் வந்து அப்பாவிடம் பேசினார். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் போனதும் தரகர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல ஒரே ரூம்பு. அதுலயும் வாழாம வந்த நாத்தனா ஒண்ணு இருக்குன்னா, அவங்க யோசிப்பாங்க. பொண்ணு எங்கிட்டுப் படுக்கும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? இருக்குன்னு நான் சொல்லலை. நாளைக்கி ஒருநாள் கண்ணுல படாம இருந்தா அப்பறம் பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. குடத்தோடு பின்வாசலில் நின்ற அத்தை அப்படியே திரும்பி மறுபடி குழாயடிக்குப் போனாள். குடம் நிரம்பித்தான் இருந்தது. வழிநெடுகத் தளும்பிக்கொண்டே போயிற்று. ஏன் நிரம்பின குடத்தோடு தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அத்தைதான் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அத்தைதான் கேசரி கிளறினாள். குளித்து, கரும்பச்சைச் சேலை கட்டி, தலை சீவிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் உலைப்பானைக்குள் பார்த்துக்கொண்டு, "செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டியாத்தா? வெயிலு ஏறிருச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள். காலையிலேயே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

"இல்ல மதினி. நெறைய வேலை கெடக்கு. நான் அங்கிட்டே இருந்துக்கிறேன்" என்றாள் அத்தை.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை, கிண்டவும் இல்லை. அப்பா அவசரமாக மாட்டைப் பார்க்கப் போனார். சித்தப்பா கண்ணாடி முன்னால் நின்று, ஏற்கனவே படிந்திருந்த தலையைச் சீவினார்.

டிரங்குப் பெட்டியும் பாயும் அறையிலிருந்து போக வேண்டும். அத்தையே தூக்கி வந்தாள். நானும் கொடைக்கானலுக்கு அனுப்பப்பட்டேன். என் வாயைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஒருவருக்கே இடமுள்ள கூடாரத்தில் இப்போது அத்தை, நான், ஒரு பெட்டி, ஒரு பாய். எனக்கு அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. அத்தை கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து யோசித்தாள். பிறகு பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி அதன் தலையில் மூன்று டின்களை வைத்தாள். அதுவும் ஒரு படி ஆகிவிட்டது. பாயைச் சுருட்டி வெற்றிலைக் கொடியோடு சாய்த்தாள். கீழ்ப்படியிலிருந்து இஞ்சித் தொட்டிகளை நகர்த்தி ஒரு பொந்து செய்து, "உள்ள போயி ஒக்காருத்தா" என்றாள். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் நடுவே அடங்கினேன். அத்தை தன் இடத்தில் நின்றாள்.

என் கண்ணுக்கு எட்டியது எல்லாம் பாதங்கள்தான்.

வேன் வந்து நின்றது. பேச்சுச் சத்தம் கூடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து அடுப்படிக்கும் போயிற்று. "இது ரூம்புங்களா? நல்லாருக்கு, காத்தோட்டமா இருக்கு." "ஆமாங்க, இது அவங்களுக்குத்தான்." பிறகு தட்டுகள் வைக்கிற ஓசை. உள்ளே புழுக்கம் ஏறியது. சாக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அத்தை உள்ளங்கையில் பிடித்து அவ்வப்போது குனிந்து என் உச்சந்தலையில் தேய்த்தாள். கேசரி வாசனை வந்தது. எனக்கு எச்சில் ஊறியது. "எல்லாத்தையும் அவங்களே தின்னுருவாங்களா அத்தை?" என்று கேட்டேன். "ஒனக்கு எடுத்து வச்சிருக்கேன். பேசாம இரு."

கை கழுவக் கொல்லைப் பக்கம் வந்த பெண்ணின் அப்பா அங்கேயே நின்றுவிட்டார். தோட்டக்காரர் கண்ணுக்குக் கொடைக்கானல் தப்புமா?

"இது என்னங்க இது?"

"சும்மா... செடி கிடி வச்சிருக்கம்" என்றார் அப்பா.

படுதா விலகியது. கரை வேட்டிக்குக் கீழே வெடித்த குதிகால்கள் இரண்டு. அவற்றுக்குப் பின்னால் அப்பாவின் பாதங்கள்.

"அடேங்கப்பா! இத்தினிக்காணு எடத்துல இம்புட்டையும் எப்புடி..? தொங்கவும் விட்டுருக்கு, கீழ இஞ்சி வேற! மரிக்கொழுந்தாங்க அது? நம்ம ஊருலயா?" அந்தக் குதிகால்கள் எம்பி எம்பி இறங்கின. பிறகு நிதானமாக நின்றன. "இவங்க யாருங்க?"

அத்தையின் பாதங்கள் லேசாக அப்பாவின் பக்கம் திரும்பின. காத்திருந்தன. அப்பாவின் வலதுகால் கட்டைவிரல் மண்ணைக் கிளறியது. ஒரு சின்னக் குழி விழுகிற அளவுக்குக் கிளறியது.

"வேலைக்கு வர்றவங்க" என்றார் அப்பா.

அத்தையின் பாதங்கள் பழையபடி செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டன.

"எந்தூரும்மா ஒனக்கு?"

"இந்த ஊருதாங்க."

"இவுக வீட்டுல ரொம்ப நாளா வேலை பாக்குறியா?"

"பொறந்ததுலேருந்துங்க" என்றாள் அத்தை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன். என்ன மாதிரி நடிப்பு! பள்ளிக்கூட நாடகத்தில் வேலைக்காரி வேஷம் போட்ட என் கூட்டாளி இதில் கால்வாசிகூட நடிக்கவில்லை.

"ஒன்னைய மாதிரி ஒரு ஆளு நம்ம தோட்டத்துக்குக் கெடைச்சாத் தேவலை. அந்த மரிக்கொழுந்துல ஒரு டின்னு தரலாமாம்மா?"

அத்தையின் பாதங்கள் மரிக்கொழுந்தை மறைக்கிற மாதிரி நகர்ந்தன.

"குடும்மா" என்றார் அப்பா. அந்தக் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

டின் ஒன்று கை மாறியது. மறுகணமே என் தலைக்கு மேல் தகரம் உரசுகிற சத்தம்; பக்கத்து டின்னை நகர்த்தி அந்த இடத்தை நிரப்பிவிட்டாள் அத்தை. ஓர் இடம் காலியாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

வேன் போன பிறகு அப்பா கொல்லைப் பக்கம் வரவே இல்லை. அம்மாதான் ஒரு தட்டு நிறையக் கேசரியோடு வந்தாள். "வச்சுட்டுப் போங்க மதினி" என்றாள் அத்தை. ஆனால் தட்டை வைக்க உள்ளே ஓர் இடமும் இல்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு படுதாவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாள். சித்தப்பாவும் வந்து நின்றார். "அக்கா" என்றார். "போடா, வேர்க்குது பாரு. சட்டையக் கழட்டிட்டுச் சாப்புடு, போ" என்றாள் அத்தை, இன்னும் அவருக்கு ஊட்டிவிடுகிற வயது போல.

கேசரியை நான்தான் தின்று தீர்த்தேன். "சூப்பரா நடிச்ச அத்தை!" என்றேன் வாய் நிறைய.

"நெசமா நம்பிட்டாராத்தா?"

"நம்பிட்டாரு."

"அப்பச் சரி" என்றாள்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆனால் ஒரு பொய் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது தனக்கென்று ஓர் அறை கேட்கும். வேலைக்கு வருகிறவள் மணமேடையில் ஏறி நாத்தனார் முடிச்சுப் போட முடியுமா? பெண்ணின் அப்பாவுக்குத்தான் அவள் முகம் தெரியுமே. "நான் வரலை மதினி. ரெண்டு நாளு தண்ணி இல்லைன்னா எல்லாம் பட்டுப்போகும்" என்று அத்தையே முந்திக்கொண்டாள். "நீ வாத்தா, என்ன ஆனாலும் ஆகட்டும்" என்று சொல்ல அம்மா வாயைத் திறந்ததைப் பார்த்தேன். அப்பா இருமினார். அம்மா மூடிக்கொண்டாள்.

மரிக்கொழுந்து மொத்தத்தையும் அத்தை தூரோடு அறுத்து, வாழை இலையில் ஈரத்துணி சுற்றிக் கொடுத்து அனுப்பினாள். மண்டபத்தில் மேளம் உச்சத்துக்குப் போனபோது, மணமேல்குடியிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி வளையல் குலுங்க அந்த இரண்டு முடிச்சையும் போட்டாள். "கூடப்பொறந்தவ எங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மேலுக்கு முடியலை" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா மாலையைத் தொட்டுக்காட்டி, "மாப்ள வீட்டுல வேலைக்காரம்மா ஒண்ணு இருக்கு. அது வளத்த மரிக்கொழுந்து. வாசம் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். அம்மா தன் சேலை முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பாட்டில் கலர் குடித்தேன். அன்றைக்கு எனக்கு முக்கியமான செய்தி அதுதான்.

மறுநாள் மத்தியானம் பெண் மாப்பிள்ளையோடு ஊர் திரும்பினோம். ஆரத்தி முடிவதற்குள் நான் கொல்லைக்கு ஓடினேன். கலரைப் பற்றி அத்தையிடம் சொல்ல வேண்டும்.

படுதாவை விலக்கியவள் அப்படியே நின்றேன். கொடைக்கானல் மாறியிருந்தது. கீழ்ப்படிகள் இரண்டையும் எடுத்துவிட்டு, அவற்றில் இருந்தவற்றையெல்லாம் மேலே ஏற்றியிருந்தாள். தொங்குகிற கொட்டாங்கச்சிகள் கீற்றை முட்டிக்கொண்டு இரட்டிப்பாகியிருந்தன. இஞ்சியும் மஞ்சளும் மேற்குச் சுவரை ஒட்டி ஒற்றை வரிசையாக நின்றன. ஒரு செடியைக்கூடக் கழிக்கவில்லை. ஆனால் நடுவில் நீளவாக்கில் தரை காலியாக இருந்தது. சாணி போட்டு மெழுகியிருந்தாள். ஒரு கோடியில் டிரங்குப் பெட்டி, படுத்த வாக்கில்.

ஒரே நாளில் இத்தனை இடத்தை எங்கிருந்து எடுத்தாள்? எனக்காகத்தான் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். இனி நான் வெளியே நின்று கதை பேச வேண்டாம். சந்தோஷத்தில் உள்ளே போய், புதுப் பாவாடையோடு அந்தத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். குறுக்கே சரியாக இருந்தது. கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டால் எந்தத் தொட்டியிலும் இடிக்கவில்லை. ஆனால் நீளம் அதிகம். தலையைப் பெட்டியில் முட்டிக்கொண்டு காலை எவ்வளவு நீட்டியும் மறுகோடி எட்டவில்லை. என் காலுக்குக் கீழே நிறைய இடம் மிச்சமிருந்தது.

"ரொம்பப் பெருசாப் போட்டுட்ட அத்தை" என்றேன்.

"ஆமாத்தா. எந்திரி, சாணி ஒட்டும்" என்றாள்.

அது யாருக்கு எடுத்த அளவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அறை சித்தப்பாவுக்கும் சித்திக்கும் என்று ஆனது. அம்மாவும் நானும் கூடத்தில் படுத்தோம், அப்பா வாசலில் கட்டிலில். அத்தைக்குச் செடிகள் மேல் கொள்ளை ஆசை, அதனால்தான் அவற்றைவிட்டுப் பிரிய மனமில்லாமல் அங்கேயே படுத்துக்கொள்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன். என் கூட்டாளிகள் அவர்கள் வீட்டு அத்தைகளை நினைத்து வெட்கப்பட்டார்கள்.

ஊருக்குள் பொய் எத்தனை நாள் நிற்கும்? மறுவீட்டு விருந்துக்குப் போவதற்குள் சித்திக்குக் குழாயடியிலேயே உண்மை தெரிந்துவிட்டது. அவள் நல்லவள். நேராகக் கொல்லைக்கு வந்து, "என்னைய மன்னிச்சுருங்க மதினி, உள்ள வந்து படுங்க. நாங்க கூடத்துல படுத்துக்கிறோம்" என்று அழுதாள். "இங்கதான் எனக்குக் காத்து வருது" என்றாள் அத்தை. பாலிதீனுக்குள் காற்று வராது என்பது எனக்கே தெரியும். ஆனால் கொடைக்கானல் விஷயத்தில் அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மழைக்காலம் தொடங்குமுன் அத்தை போய்விட்டாள். சித்தியின் அப்பா, சித்தி இன்னும் அவரிடம் சொல்லாததால் விவரம் தெரியாமல், அந்த வேலைக்காரம்மாவைத் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருந்தார். விவரம் தெரிந்து அவர் பதறிப்போய்த் தடுப்பதற்குள் அத்தை சரி என்று சொல்லியிருந்தாள். "அங்கிட்டு எடம் நெறையக் கெடக்காம் மதினி." பஸ்ஸுக்கு டிரங்குப் பெட்டியை அப்பா தலையில் தூக்கிக்கொண்டு போனார். சைக்கிள் இருந்தும் தலையில்தான் தூக்கினார். பஸ் வரும்வரை இறக்கி வைக்கவும் இல்லை. நான் கூடவே போனதால் எனக்குத் தெரியும். மரிக்கொழுந்து வளர்ந்த கொடைக்கானலை அந்த ஐப்பசிக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு அங்கே யாரும் எதுவும் வைக்கவில்லை. அந்த இடுக்கு இன்றைக்கும் சும்மாதான் கிடக்கிறது.

என் மாடிச் சம்பவத்துக்குப் பிறகு மனம் தாங்காமல் அன்னவாசல் பக்கம் போய் அத்தையைப் பார்த்தேன். நரைத்து, கூன் விழுந்து, தோட்டத்து ஓரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் இருக்கிறாள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் இடம். அவளுடைய செடிகள் மட்டும் ஒரு மூலையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்ததைச் சொன்னேன். அந்தத் தரையின் நீளம் எனக்கு இப்போதுதான் புரிகிறது என்றேன். எங்கள் எல்லாருக்கும் இடம் விட்டு விட்டே நீ ஒதுங்கிப் போனாய் என்றேன். அப்பா அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்து, 'இது என் தங்கச்சி' என்று சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுப் போனை எடுத்தேன். மாடியில் நான் மாட்டிக்கொண்ட வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அத்தை கண்ணைச் சுருக்கி, கடைசி அடுக்கை நான் இழுக்கிற இடம்வரை பார்த்தாள். "திருப்பிப் போடுத்தா" என்றாள். போட்டேன். மறுபடியும் பார்த்தாள். போனை மடியில் வைத்தாள். இத்தனை வருஷம் கழித்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வாசல்லேருந்தா அடுக்குன?" என்றாள் அத்தை. "உள்ளேருந்து அடுக்கிக்கிட்டே வெளிய வரணும்த்தா."